ஏதாச்சும் உண்டுங்களா

காவல் நிலையத்தில் வழக்கு விவரங்களை எழுதும் ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். அரை ஆயுள் எழுதித் தீர்த்தும் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. நான் ராசிபுரத்து நிருபர், அவ்வளவுதான். சாயங்காலமானால் எங்கள் ரைட்டருக்கு போன் போடுவேன்.

“ஏதாச்சும் உண்டுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

ஊருக்கு நல்லது, எனக்குத்தான் பக்கம் காலி. அவர் ஓய்வு பெறும்வரை எங்கள் நட்பு இந்த இரண்டு வரியைத் தாண்டவில்லை.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அவரே கூப்பிட்டார். போர்வெல் போடும் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசம் போன மகன் நாலைந்து நாளாகப் பேசவில்லையாம். அவன் போன் அணைந்து கிடக்கிறது; வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜெண்டும் எடுப்பதில்லை. அவர் கையில் இருப்பது லாரியின் பெயர் மட்டும்.

“நீங்க பேப்பர்காரரு, நாலு ஊர்ல ஆளிருக்கும். ஏதாச்சும் உண்டுங்களா?”

என் கேள்வி இன்னொருவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் கேட்டேன். என் செல்வாக்கு வடக்கே பக்கத்து ஊரான மல்லூரோடு முடிந்துவிடும். “விசாரிக்கிறேங்க” என்றேன். நிலையத்துக்கு வந்த எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன சொல் அது. அதன் மதிப்பு அவருக்குத் தெரியும். “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சேலம் அலுவலகத்தில் கூட்டம். விளம்பரம் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். பேருந்தில் பின் இருக்கையிலிருந்து ஒருவர் போனில் இந்தியில் கத்திக்கொண்டே வந்தார். திரும்பிப் பார்த்தால், பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே தேறாதவன்.

“டேய், நீ இன்னும் பேப்பர்லதான் இருக்கியா?” என்றான், நாள்பட்ட நோயை விசாரிக்கும் குரலில். அவன் இப்போது ரிக் வண்டிகளுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறானாம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அந்தத் தொழில்தான், ஆகவே இதை அதிசயம் என்று சொல்ல எனக்கே கூச்சம். லாரியின் பெயரைச் சொன்னேன். “அதுவா” என்று யாருக்கோ போன் போட்டான். கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரித்தான்.

“பையன் போனு, போட்ட குழிக்குள்ளயே உழுந்திருச்சாமா. அப்பன் போலீஸ்காரரு, திட்டுவாருன்னு வேற போனு வாங்கற வரைக்கும் கம்முனு இருந்திருக்கறான்.”

உடனே ரைட்டரை அழைத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தார்.

“பையனுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

விவரம் முழுக்கக் கேட்டார். பிறகு, “ஊட்டுக்கு வரட்டும் அவன்” என்றார். அதட்டலாகத்தான் தொடங்கினார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. “போனை வெச்சரட்டுங்களா?”

கூட்டத்தில் ராசிபுரத்திலிருந்து என்ன செய்தி என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் முறைத்தார்கள்.