லிஃப்ட்காரரின் ஏணி

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவரைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? லிஃப்ட்காரர்தான். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை, கையின் துறுதுறுப்பும் போகவில்லை. குழாய் ஒழுகினால் அவரே, மின்விசிறி முனகினால் அவரே. பிளம்பரைக் கூப்பிடலாமே என்று மனைவி வாயெடுத்தால் போதும், மனுஷர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படிப்பட்டவர் வீட்டு மாமரத்தில் போய்க் கைவைத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி அடித்த புயல்.

சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் தரையே தெரியவில்லை, அவ்வளவு இலை. மரம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டாள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய கிளை அடியில் பிளந்து, பாதி பட்டையின் தயவிலும் பாதி பக்கத்துக் கிளையின் தயவிலுமாகச் சாய்ந்து கிடந்தது. விழுந்தும் தொலைக்கவில்லை, ஒழுங்காக நிற்கவும் இல்லை.

மனைவியின் பிழைப்பு அந்த மரத்தடியில்தான் நடந்தது. முன்னறையில் அவள் குழந்தைகள் காப்பகம் வைத்திருந்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகிற பதினோரு வாண்டுகளும் பகல் முழுக்க அந்த நிழலில்தான் உருண்டு புரளும். சனிக்கிழமை மதியத்துக்குள் இரண்டு தாய்மார்கள் போன் பண்ணி, மரம் பத்திரமாக இருக்கிறதா, இல்லை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று இழுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ மதிலுக்கு மேலே தலையை நீட்டித் தீர்ப்பே எழுதிவிட்டார். இனிமேல் இது உருப்படாதாம், அடியோடு வெட்டிவிட வேண்டுமாம். வெட்டினால் நிழல் போய்விடும், அப்படியே விட்டால் பிள்ளைகள் போய்விடுவார்கள். மனைவிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மரம் பார்க்கிற ஆட்களுக்கு அவள்தான் போன் பண்ணினாள். புயலுக்கப்புறம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. செவ்வாய்க்கிழமைதான் வர முடியும், அதுவரைக்கும் மரத்தடிக்கு ஈ காக்கையை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு கிளைய வெட்டறதுக்குச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் லிஃப்ட்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட்டார். விழுந்து கிடந்ததை அள்ளினார். தாழ்வாக ஒடிந்து தொங்கிய சில்லறைக் கிளைகளைத் தரையில் நின்றபடியே ரம்பத்தால் அறுத்துப் போட்டார். எல்லாம் சொன்னபடி கேட்டன. அங்கேதான் வினை. தெம்பு தலைக்கேறி ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். ஏணிக்கால்கள் ஈரமண்ணில் நாலு விரற்கடை ஆழம் இறங்கின. அதையும் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

நாலாவது படியில் நிற்கும்போது மேலே கிளை மெல்ல முனகியது. பாரம் எங்கே தொங்குகிறது, எது பிடித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவர் அவர். இந்தக் கிளையில் எதை அறுத்தால் எது எங்கே போகும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் இறங்க மனசு வரவில்லை, மதிலுக்கு மேலே அந்தத் தலை வேறு தெரிந்தது.

அப்போதுதான் மனைவி வெளியே வந்தாள். கத்தவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் பண்ணினால் அவர் என்ன சொல்வார் என்பது முப்பது வருஷமாக அவள் காதில் விழுந்த பாடம். பத்து நிமிஷம் பொறுக்காமல் கதவை நெம்பித் திறந்து, பாதியில் குதித்துக் காலை ஒடித்துக்கொண்ட ஒருவனைப் பற்றி அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திட்டுவார். அவள் ஏணிக்குக் கீழே வந்து நின்று, அவருடைய அதே நிதானத்தில் சொன்னாள்.

"பயப்படாதீங்க. எதையும் தொடாதீங்க. கதவ நீங்களா திறக்க வேணாம், ஆளுங்க வந்துட்டிருக்காங்க."

முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. என் பேச்சை எனக்கேவா என்று திரும்பினார். அவள் முகத்தில் கேலி இல்லை, கண் கலங்கியிருந்தது. எத்தனை பேரை இதே வார்த்தை சொல்லி உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"அப்போ நாளைக்குப் பிள்ளைங்க வந்தா?" என்றார்.

"ரெண்டு நாள் மூடி வெச்சா குடி முழுகிடாது. இருக்கற நிலைமைய எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தி மட்டும் முணுமுணுத்தா."

செவ்வாய்க்கிழமை வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. ஹெல்மெட்டும் தோளில் கயிறுமாக, கூட இரண்டு ஆட்கள். வந்தவர் கிளையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் மரத்தைச் சுற்றி வந்து, வேரடி மண் வெடித்திருக்கிறதா, எங்காவது மேலெழும்பியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காதுகொடுத்தார். கடைசியில்தான் மேலே பார்த்தார். நின்றுபோன லிஃப்டை விட்டுவிட்டு முதலில் மாடியிலிருக்கிற மெஷினைப் பார்க்கப் போகிறவர் லிஃப்ட்காரர். வேலை தெரிந்த ஆள் என்று அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டார்.

"வேர் அசையல, அடிமரமும் கெட்டி. இத வெட்டணும்னு யார் சொன்னது? இந்த ஒரு கிளைதான் ஆபத்து" என்றார் அவர். மதிலுக்கு மேலே இருந்த தலை கீழே போய்விட்டது.

பிளந்த பக்கம் எப்படிப் பாயும் என்று தன்னாலேயே சொல்ல முடியாது என்று எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, கிளையின் நுனியைக் கயிற்றில் கட்டி, எதிர்ப்பக்கமாக ஏறி வெட்டினார். பட்டை அறுந்ததும் கிளையின் அடிப்பக்கம் சுழன்று வந்து, வீடே அதிரும்படி முற்றத்தில் குத்தியது.

லிஃப்ட்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். ஈரமண்ணில் ஏணிக்கால் பதிந்த இரண்டு குழிகள் அப்படியே இருந்தன. கிளை அந்த இரண்டுக்கும் நட்டநடுவில் இறங்கியிருந்தது.

பயம் அவருக்கு அப்போதுதான் வந்தது. படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மனைவியும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

இறங்கிவந்த பெண்மணியும் குழிகளைக் கவனித்தார்.

"ஏணி போட்டீங்களாய்யா?"

"போட்டேன். இறங்கிட்டேன்."

"இறங்கினீங்களே, அது போதும். தரையில நின்னு கைக்கு எட்டறது உங்க வேலை. ஏணி வேணும்னு தோணிச்சுன்னா அது எங்க வேலை."

புதன்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள், முணுமுணுத்தவளின் பிள்ளை உட்பட. நிழலில் கிளை போன இடத்தில் வட்டமாக வெயில் விழுந்தது. அதை மிதிக்காமல் தாண்டுவது என்று வாண்டுகள் அதற்குள் ஒரு ஆட்டம் கண்டுபிடித்துவிட்டன.

லிஃப்ட்காரர் பழைய கருவிப்பெட்டியைக் குடைந்து, லிஃப்டுக்குள் மாட்டுகிற சின்னத் தகடு ஒன்றை எடுத்தார். 'அவசரத்துக்கு அழைக்கவும்' என்று அதில் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே மரக்காரப் பெண்மணியின் எண்ணைப் பெயின்டால் எழுதி, ஏணியின் நாலாவது படியில் திருகி முடுக்கினார். மனைவி ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று படித்தாள்.

"அப்படியே அந்தப் பிளம்பர் நம்பரையும் எழுதிடுங்க" என்றாள்.

வழக்கம்போல முகத்தைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "சொல்லு, எழுதிக்கறேன்" என்று தூரிகையை மறுபடியும் பெயின்டில் தோய்த்தார்.