அப்பாவின் குரலை வெட்டி ஒட்டியது

என்னை எங்கே அழைத்தாலும் ஒரே ஒரு டிராக்குக்காகத்தான் அழைக்கிறார்கள். பத்து வருஷமாகக் கிளப்புகளில் ஆடுவதற்கு ஹவுஸ் இசை போடும் டிஜே நான். இரண்டு மணி நேர செட்டுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து பாட்டு கோப்பேன். எது எதோடு கலக்கும், எந்த இடத்தில் பேஸ் அதிர்வை எடுத்துவிட்டு எங்கே திருப்பித் தருவது என்று மண்டையை உடைத்துக்கொள்வேன். அரை மணி போவதற்குள் முன்வரிசையில் யாராவது இரண்டு கையையும் வாயருகே குவித்துக் காட்டுவார்கள். அந்தக் கூவலைப் போடு என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் போடாமல் மேடையை விட்டு இறங்க முடியாது, ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுகிறார்கள்.

அந்தக் கூவல் என் அப்பாவுடையது.

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு ஒரு சரிவில், சித்தப்பா வீடு ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில். இறங்கி ஏறினால் அரை மணி நேரம். போனுக்கு டவர் எடுக்காது. அதனால் குரல் கொடுப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இழுப்பு உண்டு, கேட்டதுமே யார் வீடு என்று தெரிந்துவிடும். ஒரு தடவை கொடுத்தால் சோறு ஆகிவிட்டது, ஆள் வந்திருக்கிறது, இப்படி ஏதோ ஒன்று, மெதுவாகப் போகலாம். இடைவிடாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். சாவு, நெருப்பு, பாம்பு. இதை யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. பசி தெரிகிற மாதிரி அதுவும் தெரியும்.

அந்த டிராக் வருவதற்கு முன்பு பெங்களூரில் ஒரு ஸ்பீக்கர் வாடகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே டிராக் செய்துகொண்டிருந்தேன். ஏழெட்டு வெளிவந்திருந்தன, கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பொங்கலுக்கு வந்தபோது ரெக்கார்டரைப் பாறைமேல் வைத்துவிட்டு, "ப்பா, சித்தப்பாவ ஒரு தபா கூப்புடு" என்றேன்.

"இன்னாத்துக்குடா? வேலயா இருப்பான்."

"சும்மாதாம்ப்பா."

ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அரை மணியில் சித்தப்பா வந்து நின்றார். வந்தவருக்கு அம்மா டீ கொடுத்து அனுப்பினாள்.

பெங்களூர் திரும்பி மூன்று வாரம் ஹெட்போனைக் கழற்றவில்லை. அப்பா மூச்சு வாங்கிய இடத்தை வெட்டினேன். பின்னால் குரைத்த நாயை வெட்டினேன். நிமிடத்துக்கு நூற்றிருபத்துநாலு தாள அடிக்குப் பொருந்த இழுத்தேன். வெட்ட வெட்ட அது அப்பாவாக இல்லாமல் போய், திரையில் வெறும் கோடாகக் கிடந்தது. டிரம்ஸ் எல்லாம் நிற்கிற இடத்தில் அதை நாலு தடவை அடுத்தடுத்து வைத்தேன். நாலு நாலாக அடுக்குவது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற வேலை. மலையில் பிறந்த எவனும் செய்யக்கூடாத வேலை அது என்று ஒரு நிமிடம்கூட எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு கம்பெனி வாங்கி வெளியிட்டது. ஓடு ஓடு என்று ஓடியது.

அடுத்த ஆடித் திருவிழாவில் எங்கள் ஊரிலேயே போடச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பகல் பதினொரு மணி. புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டிரம்ஸ் நின்றது. அப்பாவின் குரல் நாலு தடவை எதிர்ச்சரிவுக்குப் போனது. கோயிலடியில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அப்பா, வாயைத் திறக்காமலே தன் குரலைக் கேட்டு, விறகோடு அப்படியே எழுந்து நின்றார்.

சாயங்காலம் விழாவுக்கு வருவதாக இருந்த எதிர்ச்சரிவுக்காரர்கள் கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். சித்தப்பாவின் முழங்காலில் ரத்தம். "இன்னா ஆச்சிண்ணா? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் தோளையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தார்.

அப்பா எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்புள்ள தெரியாம பண்ணிட்டாங்க. மனசுல வெச்சிக்காதீங்க." அவர் அப்படி யார் முன்னாலும் நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

டிராக்கை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன். கையெழுத்துப் போட்டாயிற்று, முடியாது என்றார்கள். அதற்குள் மலையிலும் அது பரவிவிட்டது. களத்தில், டிராக்டரில், கையடக்க ஸ்பீக்கரில் அப்பா நாள் முழுக்கக் கூவினார். முதலில் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு தலையைக்கூடத் திருப்பவில்லை.

இந்த மாசியில் புளி உலுக்க ஏறிய அப்பா கிளை முறிந்து விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. காலையில் விழுந்தவர் மதியம் வரைக்கும் மரத்தடியிலேயே கிடந்திருக்கிறார். செங்கம் போயிருந்த அம்மா திரும்பி வந்து தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சுப்பா. நல்லாவே கேட்டுச்சு. புளி உலுக்குற எடத்துல உம்பாட்டப் போட்டுக்கினு கீறாங்கன்னு நெனச்சிட்டேன்." தப்பு தன்னுடையது போல அழுதார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய் அப்பாவிடம், "எத்தினி தபா கூப்ட்டப்பா?" என்று கேட்டேன்.

"எண்ணலடா" என்றார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட இரண்டாம் நாள் நான் கிளம்ப வேண்டியிருந்தது. பெங்களூரில் ஞாயிறு மதியம் ஒரு செட், ஒப்பந்தத்தில் அதே வரி. நான் படிக்கப் போன காலத்திலிருந்து, பஸ் எங்கள் வளைவில் திரும்பும்போது அப்பா ஒரு தடவை குரல் கொடுப்பார். அன்றைக்கும் ஜன்னலில் தலையை நீட்டிக் காத்திருந்தேன். வாசலில் கட்டிலில் படுத்திருந்தவர் கையை மட்டும் தூக்கினார்.

போளூர்ப் பக்கம் மலை இறங்கி டவர் கிடைத்ததும் பஸ்ஸில் எல்லாப் போனும் விழித்துக்கொள்ளும். நிற்க இடமில்லாத கூட்டம், புளி மூட்டைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு போன் அடித்தது, ரிங்டோன் என் டிராக். அப்பா கூப்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. போன்காரர் கம்பியில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நின்றது. மறுபடியும் அப்பா கூப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டித் தட்டினால் எழுந்திருப்பார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.