இரண்டு வீட்டுக் காராபூந்தி

செய்தித்தாளில் மடித்த இரண்டு காராபூந்திப் பொட்டலங்கள் எண்ணெய் ஊறி என் மேசை ஓரத்தில் இருந்தன. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசகராக நான் சேர்ந்த புதிது. ஜன்னல் வழியே ஏரிக்காற்று வந்துகொண்டிருந்த அந்த மத்தியானம் இன்றும் அரைத் தூக்கத்தில் மிதந்து வரும். எதிரே ஒரு லாரி டிரைவர். மறைவிடத்தில் புண் என்று வந்தவர்.

"எனக்கு ரெண்டு வூடுதான் மேடம், பத்து வருசமா. கண்ட எடத்துக்குப் போறவன் இல்ல. பூந்தி வாங்குனாக்கூட ரெண்டு வூட்டுக்கும் ஒரே எட, காக்கிலோ," என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தில் 'எத்தனை பேர்' என்றொரு கட்டம். இரண்டு என்று எழுதினேன். அந்தச் சில வாரங்களிலேயே இருபது, முப்பது என்று கேட்டுப் பழகிவிட்ட காதுக்கு அது ஒழுக்கமாகவே பட்டது. புண்ணுக்கு டாக்டர் மருந்து கொடுத்தார்; இரத்தம் சோதிக்க நான் வற்புறுத்தவில்லை. என் புத்தியை என்ன சொல்ல!

மறுவருடம் பாதியாக இளைத்து வந்தார். சோதித்தோம், கிருமி இருந்தது. மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

"வயித்துல கீற புள்ளைக்கு இன்னா ஆவும் மேடம்?"

"மருந்து இருக்கு அண்ணே. நாளைக்கே ரெண்டு வீட்டு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். இருவருக்கும் கிருமி இருந்தது. இரண்டாம் வீட்டு அம்மா தலைகுனிந்து சொன்னார்: "என் வூட்டுக்காரரு ஆந்திராவுல செங்கல் சூளையில கீறாரு. பொங்கலுக்கு வருவாரு. அவரையும் உடல, இவரையும் உடல. அவருக்கு அங்க ஒருத்தி கீறாளாம்."

ஆளுக்கு இரண்டு பேர்தான். ஒரு உறவு முடிந்து இன்னொன்று என்றிருந்தால் கிருமி எங்காவது நின்றிருக்கலாம். எல்லாம் ஒரே சமயத்தில். எல்லா மடையையும் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் கடைசிக் கழனி வரை போகாதா? அதைக் கேட்கப் படிவத்தில் கட்டமில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் சேய்க்கும் மருந்து கொடுத்தோம். ஒன்றரை வயதில் கடைசிச் சோதனை. முடிவை நானே வாசித்துச் சொன்னேன். குழந்தைக்குக் கிருமி இல்லை. அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் டிரைவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போதெல்லாம் எத்தனை பேர் என்பதோடு நான் நிறுத்துவதில்லை. ஒரே சமயத்திலா என்றும் கேட்கிறேன்.

போன மாதம் மாத்திரை வாங்கும் வரிசையில் டிரைவரின் மனைவி பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தார். பின்னால் நின்ற இரண்டாம் வீட்டு அம்மாவிடம் ஒன்றை நீட்டினார்.

"பொண்ணு ஏனாத்தூர் காலேஜுல சேந்துட்டா. இந்தா, புடி. ஒனக்கும் எனக்கும் ஒரே எடதான்."