கிழிசலுக்குக் காவல்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். முட்டிவலி வந்தபின், ஆண்டவன் கருணையால், ஊர்ப் பெருமையைக் காட்டும் அருங்காட்சியகத்தில் காவல் வேலை கிடைத்தது.

அங்கே சுவரில் நூறு வருஷத்து வலை ஒன்று தொங்கியது. நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். கிழிந்த வலையை எங்கள் தெருவில் யாரும் ஆணியில் மாட்டமாட்டார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், ஊசியும் நூலும் எடுத்துப் புதிதுபோலப் பின்னிவிட்டார்.

மறுநாள் அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? அந்தக் கிழிசல்தான்யா நம்ம பாரம்பரியம்! போஸ்டர்லயே அதுதான் இருக்கு. பழையபடி ஆக்கு, இல்லேன்னா நாளைக்கு வராத."

கத்தியைக் கொடுத்தும் இவருக்குக் கை வரவில்லை. சோறு போட்ட பொருள் அல்லவா? அதிகாரியே வெட்டினார்.

"ஐயா, ஜன்னல் மாதிரி சதுரமா வெட்டிட்டீங்களே. எந்த மீனுங்க இப்படிக் கடிக்கும்?"

"அப்ப நீயே காட்டேன்!"

ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெரிய மீன் அறுத்துக்கொண்டு ஓடியதுபோல் ஓரங்களைக் கையாலேயே கிழித்தார். வேலை தப்பியது.

பார்க்க வருகிறவர்கள், "அந்தக் காலத்து மீன் எவ்ளோ பெருசு பாருங்க!" என்று வியக்கிறார்கள். இவரும் பயபக்தியோடு தலையாட்டுகிறார்.