கழுவின தண்ணிய பார்த்தீங்களா?

கலகெதரயிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். அன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு முடிவு எனக்காகக் காத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொல்லவேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ் நெரிசலில் நின்றபோது அவளுடைய அக்கா ரெஜினாவின் அழைப்பு வந்தது.

"ரிஸ்வானா, தங்கச்சி போயிட்டா. விடியக்காலைல."

"இன்னாலில்லாஹி" என்று வாய் சொன்னது. மனமோ, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவளோடு சண்டை பிடித்தது.

அவளை அறிந்தவர்கள்தான் இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பீர்கள். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதே முறை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆய்வுகூடத்தில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து என் பகல் சாப்பாட்டில் பாதியைத் தின்றவளை அப்படி எழுதக் கை வரவில்லை. அவளும் என்னைத் 'தாத்தா' என்றுதான் அழைப்பாள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். தன் வத்தேகம வீட்டிலும் என்னைப் பற்றி அதே பெயரில்தான் பேசுவாளாம்.

எங்கள் வேலை ஒரு சின்னப் போத்தலுக்குள் அடங்கும். மை போன்ற கறுப்புத் திரவம். அதில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள், துகள்களின் மேல் ஒரு பூச்சு, பூச்சில் ஒட்டிய புற்றுநோய் மருந்து. உடம்புக்கு வெளியே காந்தத்தை வைத்தால் மருந்து கட்டி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரவேண்டும். சேர்ந்த இடம் ஸ்கேன் படத்தில் கறுப்பாகத் தெரியவும் வேண்டும். "மத்தவங்க ஸ்கேன்ல கறுப்பப் பார்த்தா பயப்படுறாங்க. நம்ம மட்டும் கறுப்பு வரலையேன்னு அழுவுறோம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

துகள்களைச் செய்து முடித்ததும் கழுவவேண்டும். போத்தலின் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்தால் கறுப்பெல்லாம் அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். ஒட்டாமல் மிதக்கும் மருந்து இப்படித்தான் போகும். மருந்து சிவப்பு நிறம் என்பதால், தண்ணீரில் சிவப்பு மறைந்ததும் நாங்களெல்லாம் போதும் என்று எழுந்துவிடுவோம். ஸ்டெல்லா எழமாட்டாள். கடைசியாகக் கழுவிய தண்ணீரையும் எடுத்து, தட்டில் வளரும் புற்றுநோய்க் கலங்களின், அதாவது செல்களின், மேல் விட்டுப் பார்ப்பாள். தண்ணீரும் கலங்களைக் கொன்றால், வேலை செய்தது துகள் அல்ல, கழுவப்படாமல் தங்கிய மருந்து என்று அர்த்தம்.

ஒருமுறை எங்கள் முடிவுகள் பிரமாதமாக வந்தன. கொழும்பில் ஒரு மாநாட்டில் வாசிக்க எல்லாம் ஆயத்தம். அப்போதுதான் அவள் அந்தத் தண்ணீரைச் சோதித்தாள். தண்ணீரும் கொன்றது. கட்டுரையைத் திருப்பி எடுத்தோம். நான் கோபத்தில் அவளோடு முகம் கொடுத்தும் பேசவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பிஞ்சுப் பலாக்காய்க் கறியில் ஒரு வாய் எடுத்து, "கோவத்துலயும் பொலொஸ் நல்லாத்தான் சமைச்சிருக்கீங்க தாத்தா" என்றாள்.

பிறகு அவளுக்கே அந்த நோய் வந்தது. கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரியில் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் செஞ்ச மருந்து தானே, கொஞ்சம் குடுத்தா என்ன?" கட்டிலில் படுத்திருந்தவள்தான் சொன்னாள்: "அது இன்னும் போத்தல்லதான் இருக்குதுக்கா. மனுசருக்குப் போக இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு."

தனக்கு அது உதவாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அந்த ஆசையை நிறைவேற்றிவிடத்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன். புதிய துகள்களுக்கு நல்ல முடிவு வந்த அன்று வார்டுக்குள் ஏறக்குறைய ஓடியே போனேன்.

"ஸ்டெல்லா, இந்த முற ரிசல்ட் நல்லா ஈக்கிது!"

அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கழுவின தண்ணிய பார்த்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரும் கொன்றது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது, பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போகப்போகிறவள், சந்தோசமாகப் போகட்டுமே. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவளால் சிரிக்கவும் முடியாத நிலை. என் விரலைத் தொட்டு, "அப்ப இன்னுங்கொஞ்சம் கழுவுங்க தாத்தா. நான் இருக்கேன் தானே" என்றாள்.

கழுவினேன். கை மரத்துப்போகும்வரை கழுவினேன். அந்த முடிவைப் பார்க்கத்தான் அன்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

செய்தி கேட்ட பிறகும் பல்லேகலயிலுள்ள ஆய்வுகூடத்துக்கே போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. நுண்நோக்கியில் கண்ணை வைத்தேன். கழுவிய தண்ணீர் விட்ட தட்டில் கலங்கள் உயிரோடு இருந்தன. துகள்கள் விட்ட தட்டில், அடியில் காந்தம் இருந்த இடத்தில் மட்டும் அவை செத்திருந்தன. முன்பு வந்த முடிவுகளைப்போல அது பிரமாதமில்லை, சின்னதொரு வட்டம்தான். ஆனால் அது உண்மை. அவளுடைய கதிரையின் பக்கம் திரும்பிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

யாராவது நல்ல செய்தி என்று ஓடிவந்தால் இனி அந்தக் கேள்வியை நான்தான் கேட்கவேண்டும். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். பலருக்கு என்மேல் எரிச்சல் வரும். வரட்டும், எனக்கும் வந்ததுதானே.

அன்று பின்னேரம் வத்தேகமவிலுள்ள அவள் வீட்டுக்குப் போனேன். அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோவதற்காகப் பெட்டியை மூட ஆயத்தமானார்கள். ரெஜினா என்னை முன்னே விட்டார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"தண்ணியப் பார்த்துட்டேன் ஸ்டெல்லா. சுத்தமா ஈக்கிது."