தேரைச் சங்கத்தின் புது முகவரி

டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கும் அளவுக்கு மட்டும் நீட்டி, கடைசிக் கை விலகுவதற்குள் டக்கென்று மூடிவிடுகிறார் ரூலோஃப் மென்னெகா. "ஒண்ணு," என்பார், யாரும் கேட்காமலேயே. சங்கக் கூட்டத்தில் காபி இரண்டாம் சுற்று வரும், பிஸ்கட் வராது. ட்ரெந்தே மாகாணத்தில் இதை யாரும் கஞ்சத்தனம் என்பதில்லை, அவரவர் வீட்டு டப்பாவும் அப்படித்தான் மூடுகிறது. ரூலோஃப் மூடும்போது மட்டும் வழக்கு முடிந்த சத்தம் கேட்கிறது என்பார்கள்.

வேலை நில அளவை அலுவலகத்தில். எவ்வளவு மழை கொட்டினாலும் சைக்கிள்தான். வீட்டு மச்சில், எந்தச் சாதனத்துக்கும் பொருந்தாத ஒயர்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொன்னால் முகம் சிவந்துவிடும். "எப்பவாச்சும் ஆகும்." அதே மனிதரிடம் சங்கத்தின் இணையதளத்தைக் கொடுத்தால் கையில் அரிவாள் முளைத்துவிடும். நாலு வரிக்கு மேல் எழுதிய பக்கம் எதுவும் அவரிடம் தப்பியதில்லை.

சங்கம் தேரைகளுக்கானது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன், சாலைமேல் இருக்கும் தேரையைக் கொஞ்சம் மறந்துவிட்டான் போலும். அந்தப் பொறுப்பை இவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். குளிர் தணிந்து முதல் வெதுவெதுப்பான மழை பெய்யும் மாலையில், தேரைகள் காட்டைவிட்டுத் தாம் பிறந்த குளத்துக்கு நடக்கத் தொடங்கும். நடுவே தார்ச்சாலை. வேலை முடிந்து திரும்பும் கார்கள். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் தேரைகளைப் பொறுக்கி வாளியில் போட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். எந்தச் சாலைக்கு யார் போவது என்பதை அன்றன்றைக்குத் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாவிட்டால் எல்லோரும் ஒரே சாலையில் வாளியோடு நின்று நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். மற்றச் சாலைகளில் டயர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடங்களில் ரூலோஃப் பேசும் பேச்சு ஒன்று உண்டு. "பக்கத்துலயே புதுக் குளம் வெட்டிக் குடுங்க. சுத்தமான தண்ணி, காரே கிடையாது. திரும்பிக்கூடப் பாக்காது! அதுக்குத் தெரிஞ்ச வழிதான் அதுக்கு வழி. நாமதான் தூக்கிட்டுப் போய் விடணும்." பெற்ற பிள்ளையின் பிடிவாதத்தைச் சொல்வதுபோல அவ்வளவு பெருமையாகச் சொல்வார்.

தளத்தைத் தாங்கி நின்ற பழைய மென்பொருளை அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டதால், போன குளிர்காலத்தில் எல்லாவற்றையும் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலை ரூலோஃபிடம் வந்தது. பக்கங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கே கூட்டத்துக்குமேல் கூட்டம். ஒவ்வொரு சாலைக்காரரும் தம் சாலை முதலில் வரவேண்டும் என்றார். யாரையும் வாக்கெடுப்பில் தோற்கடிப்பது இங்கே மரியாதையில்லை. எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசியாக வேண்டும். கடைசியில், நகராட்சிவாரியாக, அகரவரிசையில் என்று முடிவாயிற்று. அது யாருக்கும் பிடிக்கவில்லை; ஆகவே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த நாட்டில் நல்ல முடிவுக்கு அதுதான் அடையாளம்.

ரூலோஃபுக்கு மட்டும் உள்ளூரக் குளிர்ந்தது. நகராட்சி எல்லைகள் அவருக்கு உள்ளங்கை ரேகை. பக்கங்களுக்கெல்லாம் அழகான புது முகவரிகள் சூட்டி, பழைய முகவரிகளை வேரோடு அறுத்தார். தொண்டர்களின் வாளிகளில் எழுதியிருந்தவையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளில் ஒட்டியிருந்தவையும் அந்தப் பழைய முகவரிகள்தான்.

"பழசைத் தட்டுறவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டாள் ரென்ஸ்கே. ஊரின் பல் மருத்துவர். சதுப்புக் குளத்துச் சாலைக்குப் பொறுப்பாளி.

"பழகிக்குவாங்க," என்றார் ரூலோஃப். டப்பா மூடியது.

பிப்ரவரி நடுவில் காற்று திரும்பி, தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. மதியம் சாப்பாட்டு வேளைக்கே தூறல், காற்றில் இதமான சூடு. அலுவலகத்தில் ரூலோஃபின் போன் அடித்தது. உருளைக்கிழங்கு விவசாயி ஹார்ம், சங்கத்தின் மூத்த உறுப்பினர்.

"என்னப்பா, சங்கத்தைக் கலைச்சாச்சா? வாளியில இருக்கற முகவரியைத் தட்டினா, அப்படி ஒரு பக்கமே இல்லைங்குது."

"முகப்புக்குப் போங்க ஹார்ம். உங்க நகராட்சியைத் தேடி அழுத்துங்க."

"எந்த நகராட்சி?"

"உங்க ரோடு எதுல இருக்கு?"

"காட்டுக்கும் குளத்துக்கும் நடுவுல இருக்கு!"

வைத்ததும் அடுத்த அழைப்பு, அதற்கடுத்து இன்னொன்று. நாலாவதாக ரென்ஸ்கே.

"சீக்கிரம் பேசணும், நாற்காலியில ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார். இன்னிக்கு ராத்திரி எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்கன்னு பாத்தியா?"

ரூலோஃப் பார்த்திருந்தார். அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

"பழகிக்குவாங்க, ரென்ஸ்கே."

"எப்ப? இருட்டறதுக்குள்ளயா?" ஏதோ கருவி தட்டில் விழும் சத்தம். "புதுக் குளம் வெட்டிட்ட. அழகாத்தான் இருக்கு. தேரைக்கு வாளி தூக்கறியே, எங்களுக்கு வாளி எங்கப்பா?"

பின்னாலிருந்து, வாய் நிறையப் பஞ்சோடு யாரோ "ஆஆ" என்று ஆமோதித்தார். அவரும் சங்கத்து ஆள்தான்.

ரூலோஃப் போனை வைத்தார். அவருடைய சொந்தப் பேச்சு அது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். தனக்கு மட்டும் எப்படி ஏறாமல் போயிற்று என்று யோசித்தபோது காது மடல் சுட்டது. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மழையில் சைக்கிளை மிதித்தார்.

பழைய தளத்தை அறுத்தவர், அதன் முழு நகலை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். தூக்கிப் போட மனம் வந்தால்தானே! ஆனால் அந்தப் பெட்டியைக் கணினியோடு இணைக்கும் ஒயர் கடைகளை விட்டே போய் வெகுகாலம். ரூலோஃப் மச்சுக்கு ஏறினார். இரண்டாம் ஒயர்ப் பெட்டியின் அடியில், கூந்தலில் சிக்கெடுப்பதுபோலப் பிரித்து உருவியதும் வந்தது. எல்லோரும் தூக்கிப் போடச் சொன்ன அந்த ஒயர், தன் நாளுக்காகக் காத்திருந்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. ஆளில்லாத மச்சில் ரூலோஃப் "எப்பவாச்சும் ஆகும்னு சொன்னேனா?" என்று உரக்கக் கேட்டார்.

பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். நகலிலிருந்து ஒவ்வொரு பழைய முகவரியாக எடுத்து, அதைத் தட்டுபவர் தாமாகவே புதுப் பக்கத்தில் போய் இறங்கும்படி முடிச்சுப் போட்டார். இந்தக் கரையில் எடுத்து அந்தக் கரையில் விடுகிற அதே வேலை. சாலைப் பக்கங்கள் முதலில். தலைவர் உரைகள் கடைசியில். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது திரையில் ரூலோஃப் பெயருக்குக் கீழே ரென்ஸ்கே பெயர் வந்தது. அப்புறம் ஹார்ம். அப்புறம் மழை வலுத்ததுபோல் மடமடவென்று பெயர்கள். சாலை சாலையாக நிறைந்தது. பல்வலிக்காரரும் பதிந்திருந்தார்.

அன்று மாலை ஆளில்லாத சாலை என்று ஒன்றுகூட இல்லை. தேரைகள் ஈரத் தாரில் கூழாங்கற்கள் உருண்டு வருவதுபோல வந்தன. வாளிகள் நிறைந்து காலியாகி மறுபடி நிறைந்தன. கார்கள் நின்று, விளக்கைத் தாழ்த்தி, காத்திருந்தன. நசுங்கியது என்று சொல்ல ஹார்ம் மிதித்த ஒரு வெங்காயம்தான், அதுவும் அவர் பையிலிருந்து விழுந்தது.

முடிந்ததும் மாதாகோயில் கூடத்தில் ஈரச் சட்டைகளும் காபி மணமும். ஹார்ம் தன் போனை ரூலோஃபின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரு! வாளி முகவரியைத் தட்டினேன், பழையபடியே வருது. ஒண்ணுமே மாறலை. குளிர்காலம் பூராக் கூட்டம் போட்டு என்னத்தக் கிழிச்சீங்க?"

ரென்ஸ்கே ரூலோஃபைப் பார்த்தாள். "சொல்லேன்."

பாராட்டு என்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரக்கூடியவர் ரூலோஃப். வாயைத் திறந்தார். ஹார்மின் முகத்தில், சொந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்த திருப்தி தெரிந்தது.

"ஒண்ணும் கிழிக்கலை, ஹார்ம்," என்றார்.

டப்பாவைத் திறந்து நீட்டினார். கைகள் பழக்கப்படி ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சட்டென்று பின்வாங்கி, அந்த டக்குக்காகக் காத்திருந்தன. சத்தம் வரவில்லை. மூடியை மழைச்சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, ரூலோஃப் டப்பாவை மறுபடியும் ஹார்ம் பக்கம் திருப்பினார்.