டீச்சருக்கு நான் போட்ட சம்பளம்

ஆண், பெண் சம்பள வேறுபாட்டை ஆராய்ந்து பெயர் வாங்கியவன் நான். என் ஆய்வுக் குழுவிலேயே ஒரே வேலையைச் செய்த இருவரில் பெண்ணுக்குக் குறைவாகச் சம்பளம் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவு என்னுடையது.

அந்தப் பெண் கிள்ளான் ஊர்க்காரர். முன்பு தற்காலிக ஆசிரியையாக இருந்ததால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். வீடு வீடாகப் போய்க் குடும்பத்தில் யாருக்கு என்ன வருமானம் என்று கேட்டுப் பதிவதுதான் எங்கள் வேலை. நான் குழுத் தலைவன். டீச்சரும் ஓர் ஆணும் கள ஆய்வாளர்கள். பந்திங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில், மனைவியின் வருமானத்தைக் கேட்டதற்குக் கணவர் முந்திக்கொண்டு, "அவ சும்மாதான் இருக்கா சார்," என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி, "சார், அண்ணனக் கூட்டிட்டுப் போயி கீழ ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க லா. மெதுவாவே வாங்க," என்றார். நாங்கள் திரும்பியபோது, அந்தப் பெண் பள்ளிச் சீருடை தைத்துச் சம்பாதிப்பதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் பதிவாகியிருந்தன. அதுவே எங்கள் ஆய்வு முறையாகிவிட்டது. கணவர்களோடு தேநீர் குடிப்பது என் பொறுப்பு. "பெரிய படிப்பு படிச்சவருக்கு ஏத்த வேலைதான்," என்பார் டீச்சர். வியர்க்க வியர்க்கப் படியேறிய அந்த நாள்களைப்போல வேறு எந்த நாளும் எனக்கு இனித்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது டீச்சரின் அந்தக் குரலுக்காக இன்றும் மனம் ஏங்குகிறது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த ஆண் ஆய்வாளருக்குச் சம்பளத்தைக் கூட்டினேன்; டீச்சருக்குக் கூட்டவில்லை. காரணம் கேட்டு வந்தார். "அவரு ஒரு சம்பளத்துல குடும்பம் நடத்துறாரு. உங்க வீட்டுக்காரர்தான் லோரி ஓட்டுறாரே," என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் தே குடிக்க அனுப்பி வச்ச அண்ணனுங்க மாதிரியே பேசுறீங்க சார்," என்றார். அந்த மாதத்தோடு விலகி, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். அவருடைய முறையால்தான் எங்கள் அறிக்கை பாராட்டுப் பெற்றது. மேடை மேடையாக ஆண், பெண் சம்பள வேறுபாடு பற்றிப் பேசியவன் நான்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, அண்மையில்தான் துணிவு வந்தது. விடுபட்ட சம்பளத்தை ஓர் உறையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டு உறையை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"இது உங்க காசு சார். நான் கேட்டது என் சம்பளம்." பிறகு, "இப்ப நம்ம பழைய ஆபீசுல வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு எப்படி? ஒரே சம்பளமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பழைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். இப்போதைய இயக்குநர் என் மாணவர். "சார், சம்பளம்லாம் கான்ஃபிடென்ஷியல் லா," என்று சிரித்தார். டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"சிரிச்சாரா? அப்ப ஒரே சம்பளம் இல்ல. மறுபடி போயி கேளுங்க."

மறுபடி போனேன். இந்த முறை இயக்குநர் சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை வரவேற்பறையிலேயே நெடுநேரம் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதையும் டீச்சரிடம் சொன்னேன். "அடுத்த வாரம் போறீங்கதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.